நூலகத்தை இடிக்கப் போகிறார்களாம். பழுது பார்த்தால் நிற்காதா?

சைக்கிள்கடை_எதிர்வரிசை

எல்லோருக்கும் வணக்கம். டெல்டாவில் ஒரு பேரூராட்சி. ஊர்ப் பெயர் வேண்டாம், அலுவலகத்தில் இருப்பவர்களும் இதையெல்லாம் படிக்கிறார்கள். கிளை நூலகத்துக்கு நேர் எதிரே 26 வருஷமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். வாசகர் வட்டத்துக்குப் பொருளாளர். பொருளாளர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், கூட்டத்துக்கு வாங்கிய டீ, பிஸ்கட் கணக்கை எழுதுகிறவன்.

கட்டிடம் இரண்டு துண்டு. முன்கூடம் 1930களில் ஒரு நெல் வியாபாரி வாசகசாலைக்கென்று கட்டிக்கொடுத்தது. தேக்கு உத்திரம், குறுக்கே கட்டைகள், மேலே சின்னச் செங்கல் குத்திச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ். பின்பக்கம் 1978இல் ஒட்டிக் கட்டிய கான்கிரீட் கட்டிடம். அதில்தான் புத்தக அடுக்குகளும் பிள்ளைகள் பகுதியும். கழிப்பறை ஒன்று உண்டு, பூட்டியே கிடக்கும்.

ஐப்பசி பிறந்தால் ஒழுகும். நூலகர் என்னிடம்தான் வாளி வாங்குவார். போன வருஷம் வாளி போதாமல் பழைய பிளக்ஸ் பேனர்களைக் கொண்டுவந்து அலமாரி மேல் போர்த்தினோம். ஒரு காதணி விழா பேனர் கலைக்களஞ்சியத்தின் மேல். தோடு போட்ட பாப்பா சிரிக்கிறது, அடியில் இரண்டு தொகுதி ஊறிப் புட்டு மாதிரி உப்பிவிட்டது. பிள்ளைகள் பகுதியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. நல்லவேளை, விழுந்தபோது யாரும் இல்லை.

போன மாதம் ஒருவர் பார்வையிட வந்தார். பத்து நிமிஷம். குடைக் கம்பியால் சுவரில் நாலு இடத்தில் குத்தினார். பொலபொலவென்று உதிர்ந்தது. 'இது தாங்காது, முழுசாக எடுத்துவிட்டு மாடியோடு புதிதாகக் கட்டிவிடலாம்' என்றார். அதுவரை நூலகம் அரிசி மண்டி மாடிக்குப் போகுமாம். இரும்பு ஏணிப்படி. என் வயதுக்காரர்களே ஏற யோசிப்பார்கள்.

எனக்குப் பழைய கட்டிடம் என்று தனிப் பாசம் கிடையாது. என் கடையையே இரண்டு முறை இடித்துக் கட்டியவன். ஆனால் ஒரு சைக்கிளைப் பார்த்து ஓடாது என்று சொல்வதற்கு முன்னால் நான் பெடலையாவது ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பேன். குடையால் குத்திப் பார்த்து இவ்வளவு பெரிய முடிவு எடுக்கலாமா? பழுது பார்த்தால் நிற்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குரூப்4_இந்தமுறை

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இடிக்கட்டும்.

நான் இதே மாதிரி ஒரு பழைய நூலகத்தில் ஒன்பது மாதமாகக் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து படிக்கிறேன். கழிப்பறைக்கு அத்தை வீட்டுக்குப் போக வேண்டும், முக்கால் கிலோமீட்டர். அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதில்லை. போனுக்கு சார்ஜ் போட ஒரே ஒரு பிளக், அதற்கு ஆறு பேர் வரிசை. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் எழுத்து தெரியாது. என் தோழிக்குக் காலில் போலியோ, வாசலில் நாலு உயரப் படி, கைப்பிடி இல்லை. ஒரே ஒரு நாள் வந்தாள்.

தேக்கு உத்திரம் அழகாக இருக்கிறது என்று எழுதுகிறவர்கள் அதன் அடியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற_உதவிப்பொறியாளர்

சைக்கிள்கடைத் தம்பிக்கு: பழுது பார்த்தால் நிற்குமா என்று படம் கூடப் போடாமல் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. குடைக் கம்பியாலும் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. அது ஒரு கட்டிடம் இல்லை, இரண்டு. இரண்டுக்கும் வியாதி வேறு. சேர்த்து ஒரே சீட்டு எழுதியதுதான் முதல் தப்பு.

முன்கூடத்தை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். எப்போதோ யாரோ நல்லது செய்வதாக நினைத்து அதன்மேல் சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறும். அப்புறம் பூச்சு உப்பும், உப்புப் பூக்கும், குத்தினால் உதிரும். உங்கள் அதிகாரி குத்தியது அந்தப் பூச்சைத்தான். உள்ளே செங்கல் எப்படி இருக்கிறது என்று ஒரு சாண் அகலம் கொத்திப் பார்த்தால் தெரியும். இன்னொன்றும் பாருங்கள்: ரோடு இப்போது எந்த மட்டத்தில் இருக்கிறது? போட்ட ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டுப் பழைய கட்டிடங்கள் எல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டன. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் அரசே சொன்னது. தெருத் தண்ணீர் அஸ்திவாரத்தில் நின்றால் நீங்கள் சுவருக்கு என்ன பூசியும் பிரயோசனம் இல்லை.

பின்கட்டு வேறு கதை. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் பருக்கும், இரும்பு இருந்த இடத்தைப் போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். உங்களுக்குத் தெரியாததா, சீட் கம்பி துருவேறி ஃபிரேம் குழாயில் இறுகிப் போனால் சுத்தியலுக்கும் அசையாதே. அந்த நெருக்கலில்தான் காரை பெயர்ந்து விழுகிறது. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் இருக்கும் பினாப்தலின்தான் மருந்து. கான்கிரீட்டைப் புதிதாக உடைத்த முகத்தில் தெளித்தால் நல்ல இடம் ரோஜா நிறமாகும், கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை போன இடம் நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தாண்டிப் போயிருந்தால் அந்தக் கம்பிக்குக் காவல் போய்விட்டது என்று அர்த்தம். இதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம், கான்கிரீட்டின் மேல் தட்டி வலுவைப் பார்க்கும் ரீபவுண்ட் ஹாமர், உள்ளே ஒலி அலை செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசோனிக் இரண்டும் பக்கத்துப் பொறியியல் கல்லூரி சிவில் துறையிலேயே செய்து தருவார்கள். எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: மழை நாளில் கவனியுங்கள். பெய்ய ஆரம்பித்ததும் ஒழுகுகிறதா, அல்லது மழை விட்ட பிறகும் நாள் முழுக்கச் சொட்டுகிறதா? உடனே ஒழுகினால் வெடிப்பு. விட்ட பிறகும் சொட்டினால் மாடித் தளம் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறது. ஏணி போட்டு மேலே ஏறி மழைத் தண்ணீர் வடியும் தூம்பு எத்தனை, எத்தனை அடைத்திருக்கிறது என்று கைவிட்டுப் பாருங்கள். ஆலங்கன்று இருந்தால் பிடுங்காதீர்கள், வேரோடு கைப்பிடிச் சுவரும் வரும். வெட்டிவிட்டு வேருக்கு மருந்து வையுங்கள்.

குரூப்4 பாப்பாவுக்கு: நீங்கள் சொன்னது அத்தனையும் நியாயம். ஆனால் கழிப்பறை, சாய்தளம், பிளக், விளக்கு நாலுக்கும் கட்டிடத்தை இடிக்க வேண்டியதில்லை. சென்னை கன்னிமாரா நூலகத்தில் ஹென்றி இர்வின் வடிவமைத்து 1896இல் திறந்த கூடம் இன்னும் நிற்கிறது. இடம் பற்றாமல் போனபோது 1970களில் பக்கத்தில் புதுக் கட்டிடம் எழுப்பிக்கொண்டார்கள். இன்னொரு கணக்கும் சொல்கிறேன். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் வைத்துக் கணக்குப் போடுவோம். புத்தக அடுக்கு அறைக்கு நம் இந்தியத் தரவிதி 600 கிலோ கேட்கிறது, அலமாரி உயரமானால் இன்னும் கூடும். மாடியில் புத்தகம் வைக்கும்படி புதிதாகக் கட்டினால் அந்தச் செலவு மதிப்பீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கூடத்தில் அலமாரி மண்மேல் போட்ட தரையில் நிற்கிறது, இந்தக் கவலையே இல்லை.

சைக்கிள்கடை_எதிர்வரிசை

ஐயா, ஞாயிற்றுக்கிழமை ஏறினேன். கடைப் பையன் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

தூம்பு நாலு. இரண்டு அடைப்பு. ஒன்றில் ஆலங்கன்று, வேர் என் கட்டைவிரல் தடிமன். இன்னொன்றில் கைவிட்டால் உருண்டையாக எதுவோ தட்டுப்பட்டது, நெம்பி எடுத்தால் ரப்பர் பந்து. பின்னாடி மைதானத்தில் ஆடும் பையன்களுடையது. அதை எடுத்ததும் தேங்கியிருந்த தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு இறங்கியது. கீழே நின்ற கடைப் பையன் முழுக்க நனைந்தான்.

முன்கூடத்தின் ஓரத்தில் ஒரு தட்டோடு ஆடியது. எடுத்துப் பார்த்தால் அடியில் சிமெண்ட், அதற்கடியில் இன்னொரு தட்டோடு, மறுபடி சிமெண்ட், அதற்கும் கீழேதான் பழைய சுண்ணாம்பு ஜல்லி. ஒழுகும்போதெல்லாம் ஒவ்வொருவர் வந்து ஒரு பூச்சுப் போட்டு பில் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

கூடத்தின் நடுவில் ஒழுகவே இல்லை. உத்திரங்களைத் தட்டிப் பார்த்தேன், மணி மாதிரி சத்தம். பின்சுவரை ஒட்டி, பழையதும் புதியதும் சேருகிற கோட்டில்தான் ஒழுகுகிறது. போன வியாழக்கிழமை மழை பிடித்த ஐந்தாவது நிமிஷம் ஆரம்பித்தது. அந்தக் கோட்டில் என் சாவிக்கொத்து நுழைகிற அளவுக்கு வெடிப்பு.

ஓய்வுபெற்ற_உதவிப்பொறியாளர்

அப்படியென்றால் பாதி வியாதி பிடிபட்டது. டெல்டாக் களிமண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். நாற்பது வருஷ இடைவெளியில் போட்ட இரண்டு அஸ்திவாரமும் ஒரே மாதிரி அசையாது. நடுவில் சிமெண்ட் வைத்து அடைத்தால் அடுத்த கோடையில் மறுபடி பிளக்கும். அந்த இடத்தை இணைப்பாகவே விட்டு, இழுபட்டுக் கொடுக்கும் பூச்சு வைத்து, மேலே தகடு மூடியாகப் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருகு. இரண்டு பக்கமும் திருகினால் தகடே கிழியும்.

மாடியில் இருக்கும் உபரிப் பூச்சை எடுத்தே ஆக வேண்டும். இரண்டு அங்குலம் போட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. நீங்கள் பார்த்தது இரண்டு அடுக்கு. பாவம், அந்தத் தேக்கு இத்தனை வருஷமாக இதையும் சேர்த்துச் சுமந்திருக்கிறது.

கலிஃபோர்னியா_கும்பகோணத்தான்

நான் இருப்பது லாஸ் ஏஞ்சலஸ். இங்கே நகர மைய நூலகம் 1926இல் திறந்தது. இடம் போதாது, பாதுகாப்பு இல்லை என்று அதையும் இடித்துவிடலாம் என்ற பேச்சு பல வருஷம் ஓடியது. எதிர்த்தவர்கள் சேர்ந்து 1978இல் லாஸ் ஏஞ்சலஸ் கன்சர்வன்சி என்று ஓர் அமைப்பையே தொடங்கினார்கள். அப்புறம் 1986 ஏப்ரல் 29 அன்று தீப்பிடித்தது. அணைக்க ஏழு மணி நேரத்துக்கு மேல். ஏறத்தாழ 4 லட்சம் புத்தகம் போயிற்று, அதைவிட அதிகம் தண்ணீரிலும் புகையிலும் கெட்டது. அப்போதும் கட்டிடத்தை இடிக்கவில்லை. பழையதைச் சீர்படுத்தி, பக்கத்தில் புதுப் பகுதி சேர்த்தார்கள். அதில் நாலு தளம் தரைக்குக் கீழே. தெருவில் நின்று பார்த்தால் பழைய கட்டிடம்தான் இன்னும் முதலில் கண்ணில் படும். 1993இல் திறந்தார்கள்.

காசு வந்த வழிதான் எனக்குப் பிடித்தது. நூலகம் தன் தலைக்கு மேல் கட்டாமல் விட்ட மாடிகளின் உரிமையைப் பக்கத்தில் கட்டியவர்களுக்கு விற்றது. அப்படி எழும்பியதில் ஒன்று 73 மாடிக் கோபுரம்.

சைக்கிள்கடை_எதிர்வரிசை

அண்ணே, எங்கள் நூலகத்தின் தலைக்கு மேல் இருப்பது ஒரு மின்கம்பியும் நாலு கொக்கும். யார் வாங்குவார்கள்?

அடுக்கு_எண்_தவறாதவள்

நான் நூலகர். எந்த மாவட்டம் என்று கேட்க வேண்டாம்.

இடிப்பதா வேண்டாமா என்பதைப் பொறியாளர் ஐயா பார்த்துக்கொள்வார். நான் பயப்படுவது அரிசி மண்டி மாடியைப் பற்றி. முன்பு வேலை பார்த்த ஊரில் இப்படித்தான், ஆறு மாதம் என்று சொல்லிக் காலி செய்யச் சொன்னார்கள். ஆள் பற்றாக்குறை. சாக்கில் கட்டினோம், சாக்கின் மேல் எண் எழுதினோம். நைலான் கயிறு அட்டைகளை அறுத்துவிட்டது. இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு சாக்கைத் திறந்தபோது ராமபாணப் பூச்சி வெள்ளையாக ஓடியது. அதற்குள் நாளிதழ் படிக்க வந்துகொண்டிருந்த பெரியவர்கள் டீக்கடைக்கு மாறிவிட்டார்கள். சிறு பிள்ளைகள் வளர்ந்தே விட்டார்கள். புதுக் கட்டிடம் நன்றாகத்தான் வந்தது. திறப்பு விழாவில் அலமாரிகள் பளபளவென்று இருந்தன. வருகைப் பதிவேட்டில் பழைய எண்ணிக்கை திரும்ப ரொம்ப நாள் ஆயிற்று.

அதனால் அண்ணா, எதைச் செய்தாலும் பாதி பாதியாகச் செய்யச் சொல்லுங்கள். முன்கூடம் நன்றாக இருக்கிறது என்றால் முதலில் அதன் மாடியைச் சரிசெய்து, பின்கட்டுப் புத்தகத்தை அங்கே கொண்டுவந்து, அப்புறம் பின்கட்டைத் தொடட்டும். ஒரு நாள் கூடக் கதவைச் சாத்தக் கூடாது. கட்டுவதற்குத் துணி நாடா. நனைந்த கலைக்களஞ்சியத்தை வெயிலில் வைக்காதீர்கள், வளைந்துவிடும். விசிறிக்கு அடியில், பக்கங்களுக்கு நடுவே பழைய செய்தித்தாள் வைத்து, மையில்லாத தாள் கிடைத்தால் இன்னும் நல்லது, ஈரம் இழுக்க இழுக்க மாற்றிக்கொண்டே இருங்கள். பிளக்ஸ் போர்த்துவதையும் நிறுத்துங்கள். மேலிருந்து விழும் தண்ணீரைத் தடுக்கும், உள்ளே இருக்கும் ஈரத்தைப் பூட்டிவைக்கும்.

பணம்: சொத்து வரியோடு 10 விழுக்காடு நூலக வரி எல்லோரும் கட்டுகிறோம். உங்கள் பேரூராட்சி எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊர் போட்டால் மீதி அரசு. ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலராகச் சேரச் சொன்னால் உங்கள் கடைக்கு வருகிறவர்களே சேருவார்கள்.

குரூப்4_இந்தமுறை

அக்கா சொன்ன சாக்கு விஷயம் எனக்குத் தோன்றவில்லை. நான் படிக்கும் இடத்தை ஆறு மாதம் மூடினால் என் தேர்வு போச்சு. சரி, இடிக்க வேண்டாம். கழிப்பறையை மட்டும் யாரும் மறந்துவிடாதீர்கள்.

சைக்கிள்கடை_எதிர்வரிசை

ஐந்து வாரம் கழித்து வருகிறேன்.

கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியரும் நாலு மாணவர்களும் வந்தார்கள். செலவு: வேன் டீசல், மதியச் சாப்பாடு. என் கணக்குப் புத்தகத்தில் முதல்முறையாக டீ அல்லாத ஒரு வரி. பின்கட்டில் மூன்று இடத்தில் உடைத்துத் தெளித்தார்கள். புத்தக அறையில் மேல்தோல் விட்டதும் ரோஜா நிறம் வந்தது. பிள்ளைகள் பகுதியில் ஒரு அங்குலம் உள்ளே போன பிறகுதான் நிறம், கம்பியோ அரை அங்குலத்திலேயே இருக்கிறது. ஒரு மாணவன் கம்பியைத் தேய்த்தான், ஏடு ஏடாக வந்தது. கழிப்பறைப் பக்கம் நிறமே வரவில்லை. தரை கழுவிய தண்ணீர் எல்லாம் அந்தச் சுவருக்குள்ளேயே போயிருக்கிறது என்றார்கள்.

ஆக, பிள்ளைகள் பகுதி, கழிப்பறை இரண்டின் தளமும் இடிக்கத்தான் வேண்டுமாம். குடைக்காரர் முழுக்கத் தப்பு இல்லை, முக்கால்வாசிதான் தப்பு. புத்தக அறைக்குப் பழுது போதும். முன்கூடத்துச் சுவரில் சிமெண்ட் பூச்சை ஒரு சாண் கொத்தினோம். உள்ளே செங்கல் சிவப்பாக, நேற்றுச் சூளையிலிருந்து எடுத்த மாதிரி.

அறிக்கையோடு மாவட்டத்துக்குப் போனோம். இரண்டு மதிப்பீடு கேட்டோம்: முழுதும் இடித்துக் கட்டினால் எவ்வளவு, வாடகையும் சுமைகூலியும் சேர்த்து, பின் மூலையை மட்டும் இடித்து மீதியைப் பழுது பார்த்தால் எவ்வளவு. உடனே சரி என்று சொல்லவில்லை, எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. புது மூலையில் இரண்டு கழிப்பறை, ஒன்று சாய்தளத்தோடு, என்று குரூப்4 தங்கைக்காக நானே பேனாவால் சேர்த்தேன்.

மாடிப் பூச்சைக் காத்திருக்காமல் நாங்களே எடுத்துச் சுண்ணாம்பு போடலாம் என்று நூலகர் வாய்மொழியாக அனுமதி வாங்கியிருக்கிறார். கோயில் திருப்பணி செய்யும் கொத்தனார் ஒருவர் கிடைத்தார். சுண்ணாம்பில் சேர்க்கும் கடுக்காய், வெல்லம் எல்லாம் அவரே கணக்குச் சொல்லிவிட்டார். சுண்ணாம்பு ஊறவைக்க மட்டும் இடம் வேண்டும். கடைக்குப் பின்னால் பழைய சின்டெக்ஸ் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது, ஆகுமா ஐயா?

ஓய்வுபெற்ற_உதவிப்பொறியாளர்

ஆகாது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும், பிளாஸ்டிக் இளகிவிடும். தரையில் குழி வெட்டிச் செங்கல் பாவி அதில் ஊறவையுங்கள், இரண்டு வாரமாவது கிடக்கட்டும். சுற்றிலும் முள் போட்டு அடையுங்கள், அந்தப் பந்து ஆடும் பையன்கள் கிட்டே வரக் கூடாது, கண்ணில் தெறித்தால் பார்வை போகும். வாய்மொழி அனுமதி போதாது தம்பி. அதையும் எழுத்தில் வாங்கிய பிறகு முதல் தட்டோட்டைக் கழற்றுங்கள்.